அம்மாவின் ஜன்னலோரம் நின்ற ஜீப்

எங்கள் அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அவர் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போக வந்திருக்கும் உறவினர்களுக்கும், அவரோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் பல வருடங்கள் வேலைக்குப் போய் வந்த தோழிகளுக்கும், எங்கள் தெருவில் உள்ளவர்களுக்கும் வணக்கம். அக்காவைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று படப்பை மாமா சொன்னார். பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் நன்றாக எழுதுவேன் என்று அவர் நினைத்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது நடந்ததை நடந்தபடி சொல்வதுதான். என்னைப் பற்றி வரும் இடங்களில் எனக்குப் பெருமை தரும்படி எதுவும் இருக்காது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது வடக்குப்பட்டில், இப்போது நீங்கள் வந்திருக்கும் இதே வீட்டில். அவருக்கு ஏழு வருடம் பின்னால் நான் பிறந்தேன். அப்பாவுக்கு இரண்டரை ஏக்கர் இருந்தது. தொழிற்பேட்டைக்காக அதை எடுத்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் இப்போது டிரெய்லர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. அப்பா அதன் பிறகு அதிக நாள் இருக்கவில்லை. பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் வாங்கியிருந்த அக்கா, மேலே படிக்கும் பேச்சை எடுக்காமல் ஸ்ரீபெரும்புதூரில் ஓர் உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தார். சில வருடங்கள் கழித்து ஒரகடத்தில் வண்டி தயாரிக்கும் ஆலைக்கு மாறினார். நான் கல்லூரியில் படித்தது, ஆசிரியர் பயிற்சி முடித்தது எல்லாம் அந்தச் சம்பளத்தில்தான்.

ஆலையில் அக்காவுக்குக் கிடைத்தது லைனில் வேலை. நகர்ந்து வரும் ஒவ்வொரு வண்டிக்கும் பின்பக்க அடியில் நான்கு போல்ட் முடுக்க வேண்டும். முடுக்கி நிமிர்வதற்குள் அடுத்த வண்டி வந்து நிற்கும். பல வருடங்கள் அதே நான்கு போல்ட். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வந்து கை கழுவிக்கொண்டே என்னிடம் சொன்னார்: "நான் கை வச்ச வண்டிங்கோ எந்தெந்த ஊர்லயோ ஓடிக்கினு கீது தம்பி. நான் மட்டும் இங்கியே கீறேன்." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நானும் சிரித்துவிட்டுப் புத்தகத்தைப் பிரித்துக்கொண்டேன்.

அவருக்கு இருபத்தொன்பது வயதானபோது அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலக் கையும் வலக் காலும் விழுந்துவிட்டன. பேச்சில் ஏழெட்டுச் சொற்கள்தான் மிஞ்சின. வா, போ, தண்ணி, வலி, அப்படி. அதே வருடம் காஞ்சிபுரத்திலிருந்து அக்காவுக்கு ஒரு நல்ல இடம் வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா மரியாதையாகத்தான் கேட்டார், கல்யாணத்துக்குப் பிறகு அம்மாவை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் உள்ளே இருந்து அக்காவே வந்து, "நான்தான் பாத்துப்பேன்" என்றார். அவர்கள் பலகாரத்தைச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. எங்கள் வீட்டில் அதன் பிறகு யாரும் அதை எடுத்ததில்லை.

எனக்குச் செய்யாறு பக்கம் அரசுப் பள்ளியில் வேலை கிடைத்தது. கல்யாணமும் அங்கேயே. வடக்குப்பட்டிலிருந்து பைக்கில் ஒன்றரை மணி நேரம். மாதத்துக்கு ஒரு ஞாயிறு வந்து அம்மாவைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, வெயில் தாழக் கிளம்பிவிடுவேன்.

அக்காவின் நாள் எப்படிப் போனது என்பதை அவர் போன பிறகுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். விடிவதற்கு முன் எழுந்து அம்மாவைத் துடைத்து, புண் வராமல் இருக்கப் புரட்டிப் படுக்கவைத்து, ஊட்டிவிட்டு, ஐந்தரை மணி பஸ்ஸைப் பிடிப்பார். பக்கத்து வீட்டு எஸ்தர் அக்கா பகலில் வந்து பார்த்துக்கொள்வார். மூன்றரைக்கு அக்கா திரும்பினால் மறுநாள் காலை வரை வெளியே போக முடியாது. மற்ற ஷிப்டுகளுக்குப் போக முடியாததால் லைன் லீடர் பதவி இரண்டு முறை அவரைத் தாண்டிப் போயிற்று. அவர் வேலை கற்றுக்கொடுத்த பெண்கள் அவருக்கு மேலே சூப்பர்வைசர் ஆனார்கள். கடைசியில் ஒரு மாற்றம் வந்தது. லைனிலிருந்து ரீவொர்க் பகுதிக்கு அனுப்பினார்கள். ஏதாவது குறையோடு வெளியே வரும் வண்டிகளை அங்கேதான் நிறுத்தி, என்ன கோளாறு என்று கண்டுபிடித்துச் சரிசெய்வார்கள். நான்கு போல்ட் மட்டுமே பார்த்திருந்தவருக்கு முழு வண்டியும் கைக்கு வந்தது. அங்கே வேலை செய்த ஸ்டீபன், அக்கா அந்த முதல் வாரம் சாப்பாட்டு மணி அடித்தும் வண்டிக்கு அடியிலிருந்து வெளியே வரவில்லை என்று சொன்னார்.

ஸ்டீபன் மறைமலை நகர்க்காரர். அவரும் வேறு சில ஆலைகளில் வேலை செய்யும் ஐந்தாறு பேரும் நான்கு சக்கரமும் இழுக்கும் பழைய ஃபோர் வீல் வண்டிகள் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கைவிடப்பட்ட கல்குவாரிகளிலும், வற்றிய ஏரி உள்வாயிலும், முள்காட்டுத் தடங்களிலும் ஓட்டுவார்கள். சாலை இல்லாத இடத்தில் ஓட்டுவதுதான் அவர்களுக்கு விளையாட்டு. அவர் சொல்லித்தான், ஒரு குவாரி ஷெட்டில் பழைய ஜீப் ஒன்று கிடப்பது அக்காவுக்குத் தெரிந்தது. முன் சக்கரங்கள் இழுக்கவில்லை, ஃபோர் வீல் போட்டாலும் பின் சக்கரம் மட்டும்தான் சுற்றுகிறது என்று அதை ஓரங்கட்டியிருந்தார்கள். பார்த்த மெக்கானிக்குகள் எல்லாம் டிரான்ஸ்பர் கேஸ் போய்விட்டது, நடுவில் இருக்கும் அந்தப் பெட்டியையே மாற்ற வேண்டும் என்று கைவிரித்திருந்தார்கள். அக்கா தன் சேமிப்பில் அதை வாங்கினார். என்னிடம் கேட்கவில்லை. வாங்கிய பிறகும் சொல்லவில்லை. அடுத்த முறை நான் வந்தபோது வீட்டுப் பக்கவாட்டுச் சந்தில், தார்ப்பாய்க்குக் கீழே, துருப்பிடித்து நின்றது.

அதை ஏன் அந்த இடுக்கில் நிறுத்தியிருக்கிறார் என்று கேட்டேன். முன்வாசலில் வெளிச்சமும் இடமும் இருந்தது. "அம்மா ரூம் ஜன்னல் இங்க தானே கீது" என்றார். அம்மாவின் இடக் கைக்கு எட்டும்படி ஜன்னல் கம்பிப் பக்கம் ஒரு எவர்சில்வர் டம்ளர் இருக்கும். ஏதாவது வேண்டுமென்றால் அம்மா கம்பியில் அதைத் தட்டுவார். வண்டிக்கு அடியில் படுத்திருக்கும் அக்கா ஊர்ந்து வெளியே வந்து, சோப்புத் தூள் போட்டுக் கையைத் தேய்த்துக் கழுவி, உள்ளே போய் அம்மாவைக் கவனித்துவிட்டு மறுபடி வந்து படுப்பார். ஒரு நட்டைக் கழற்றுவதற்குள் மூன்று முறை எழுந்து போவதை நானே பார்த்திருக்கிறேன். ஒரு நல்ல ஒர்க்‌ஷாப்பில் இரண்டு வாரத்தில் முடியும் வேலை அவருக்கு ஒரு வருடத்துக்கு மேல் பிடித்தது.

கோளாறைக் கண்டுபிடித்தது அக்காதான். இதை ஸ்டீபன் எல்லோரிடமும் சொல்வார். முன்பக்கம் இரண்டு சக்கரங்களையும் ஜாக்கியில் தூக்கி வைத்துவிட்டு, அடியில் படுத்து முன் ஷாஃப்டைக் கையால் மெல்லச் சுற்றினார். ஷாஃப்ட் சுற்றியது. ஆக்சிலும் சுற்றியது. சக்கரங்கள் மட்டும் அசையவில்லை. அதாவது பெட்டியில் குறை இல்லை. இழுக்கும் விசை சக்கரத்தின் வாசல்வரை வந்து, உள்ளே போக வழியில்லாமல் நிற்கிறது. சக்கரத்தின் மூடியைக் கழற்றிப் பார்த்தால், இரண்டு பக்கமும் ஆக்சிலைச் சக்கரத்தோடு பிணைக்கும் பற்கள் மழுங்கி வழவழவென்று ஆகியிருந்தன. உள்ளங்கை அகலத்தில் இரண்டு தட்டுகள். வேறொரு பழைய வண்டியிலிருந்து அவற்றைத் தேடிப் பிடித்து மாட்டினார். அது போதாதென்று பிரேக், கிளட்ச், ஸ்பிரிங் பட்டை, ரேடியேட்டர் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் கோத்தார். ஆலையின் பழைய பேன்ட் சட்டையோடு ஒரு பெண் ஜீப்புக்கு அடியில் கிடப்பதைத் தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். சிலர் சிரித்தார்கள். அக்கா எழுந்து பார்க்கவே இல்லை.

வண்டி ஓடத் தொடங்கியதும், எஸ்தர் அக்கா மூன்று மணி நேரம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள முடிந்த ஞாயிறுகளில் அவர் ஸ்டீபன் குழுவோடு போனார். மொத்தமாகப் பத்து முறை இருக்கலாம். ஒரு குவாரிப் பள்ளத்திலிருந்து மேலே ஏறும் செங்குத்தான பாதையில் மற்ற வண்டிகள் சீறிப் பாய்ந்து பாதியில் சறுக்கி இறங்கினவாம். அக்கா லோ கியரில் போட்டு, நடக்கிற வேகத்தில், ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குச் சக்கரத்தை வைத்து வைத்து ஏற்றினாராம். மேலே போய் நின்று, எல்லோரும் கைதட்டும்போது கடிகாரத்தைப் பார்த்து, "எஸ்தரக்கா போவணும், நான் கெளம்பறேன்" என்று அப்படியே வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு வந்துவிட்டாராம். வீட்டுக்கு வந்த பிறகும் வேலை இருந்தது. சேற்றில் போய் வந்தால் ஆக்சில் எண்ணெயைக் கொஞ்சம் இறக்கிப் பார்ப்பார். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம், முழுதும் மாற்ற வேண்டும். மூட்டுக்கு மூட்டு கிரீஸ் அடிப்பார். டம்ளர் சத்தம் கேட்டால் எழுந்து போவார்.

பிறகு எஸ்தர் அக்காவின் மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஞாயிறுகளில் அவரால் வர முடியவில்லை. அக்காவின் மூன்று மணி நேரமும் போயிற்று.

அப்போதுதான் அக்கா ஒரு முடிவெடுத்தார். பழைய இரும்புக் கடையிலிருந்து தலைக்கு அணை உள்ள ஒரு சீட்டை வாங்கி வந்து ஜீப்பின் இடப்பக்கம் பொருத்தினார். இரண்டு தோளுக்கும் இடுப்புக்கும் பெல்ட் வைத்தார். அம்மாவின் இடக் கை பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு கம்பி வைத்து வெல்டிங் செய்தார். ஸ்பிரிங் பட்டைகளை மாற்றி, குலுங்குவது குறையும்படி செய்தார். ஒன்பது வருடங்களாக ஒரே அறையில், ஒரே ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கிடந்த அம்மாவைத் தூக்கி உட்காரவைத்து, ஞாயிறு மாலைகளில் ஏரிக்கரை வரை ஓட்டிப் போய் வரத் தொடங்கினார். ஆறேழு மாதம் இது நடந்திருக்கிறது. நான் வரும் ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போகமாட்டார். என்னிடம் யாரும் சொல்லவும் இல்லை. அம்மாவின் முகத்தில் வெயில் பட்ட நிறம் ஏறியிருந்ததை நான் பார்த்தேன். ஜன்னல் வெயில் என்று நினைத்துக்கொண்டேன்.

பொங்கல் கழிந்து இரண்டு மூன்று மாதம் ஆகியிருந்த ஒரு ஞாயிறு, மாலை நான்கு மணிக்கு மாமா போன் செய்தார். அக்கா அம்மாவை ஜீப்பில் வைத்து ஏரிக்குள் இறக்கிவிட்டாள், சேற்றில் சிக்கிக் கிடக்கிறார்கள், ஊரே வேடிக்கை பார்க்கிறது என்றார். பைக்கை எடுத்தேன். எப்படி வந்தேன் என்று நினைவில்லை.

ஏரியில் தண்ணீர் உள்ளே சுருங்கி, கரையோரம் தரை வெடித்துக் காய்ந்திருந்தது. மேலே காய்ந்தும் கீழே களியாகவும் இருக்கும் இடம் அது. அதைத் தாண்டித் தண்ணீருக்கு நெருக்கத்தில் ஜீப் நின்றது. முன் சக்கரங்கள் பாதிக்கு மேல் புதைந்து, வண்டியின் வயிறு சேற்றில் உட்கார்ந்திருந்தது. அம்மா இருந்த இடப்பக்கம் சாய்ந்திருந்தது. அக்கா முழங்கால் அளவு சேற்றில் நின்று சக்கரத்துக்கு முன்னால் சீமைக் கருவேலங் கிளைகளைத் திணித்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் முள் கிழித்து ரத்தம். அம்மா தலையில் ஈரத் துண்டோடு பெல்ட்டுக்குள் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அப்படியே இருந்திருக்கிறார்.

ஸ்டீபன் ஒரு டிராக்டரோடு வந்திருந்தார். முதலில் கட்டிய கயிறு அறுந்தது. அது அறுந்த வேகத்தில் ஜீப் இன்னும் ஒரு சாண் சாய்ந்தது. கரையில் நின்றவர்கள் சத்தம் போட்டார்கள். அம்மாவை முதலில் இறக்கிவிடலாம் என்று நானும் ஸ்டீபனும் போர்வையை விரித்துக்கொண்டு போனோம். பெல்ட்டை அவிழ்த்தேன். அம்மா இடக் கையால் கம்பியை விடாமல் பிடித்துக்கொண்டார். பயத்தில் பிடித்திருக்கிறார் என்று விரல் விரலாகப் பிரித்தேன். ஒரு விரலைப் பிரித்தால் இன்னொன்று போய்ப் பிடித்துக்கொண்டது. கடைசியில் தூக்கிக் கரைக்குக் கொண்டுவந்து வேப்பமர நிழலில் கிடத்தினோம். அதன் பிறகு சங்கிலி கட்டி இழுத்தார்கள். அக்கா டயர்களில் காற்றைக் குறைத்து, ஜீப்பில் ஏறி, லோ கியரில் போட்டு, டிராக்டர் இழுக்கும் வேகத்துக்கு ஏற்பச் சக்கரங்களை மெல்லச் சுற்றவிட்டார். வண்டி வெளியே வந்தது.

அவர் இறங்கியதும், அத்தனை பேர் முன்னால் நான் கத்தினேன். அதை இங்கே எழுதத்தான் வேண்டும்.

"அம்மாவ கொன்னுட்டு நிம்மதியா இருக்கலாம்னு பாத்தியா?"

அக்கா என்னைப் பார்த்தார். கையிலிருந்த சேற்றைச் சட்டையில் துடைத்துவிட்டு, சாவியை உருவி நீட்டினார். "உனுக்கு பயமா கீதுன்னா எட்த்துக்கினு போ தம்பி" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்தேன். செய்யாற்றில் என் பீரோவுக்குள் வைத்தேன். செய்தது சரி என்றுதான் அன்றைக்கும் அதன் பிறகும் நினைத்தேன். மாமாவும் சரி என்றார். மாமா தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அவரும் பயந்துதான் சொன்னார். அந்தச் சாவி என்னிடம் இரண்டு வருடம் இருந்தது. அக்கா ஒருமுறையும் கேட்கவில்லை. நான் வரும்போதெல்லாம் ஜீப் அதே சந்தில், தூசி இல்லாமல், துடைத்து நின்றது. அம்மா ஜன்னல் வழியாக அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பார்.

அக்காவுக்கு வயிற்றில் வலி எப்போது தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு வருடத்துக்கு மேல் இருந்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஆலையில் மயங்கி விழுந்த பிறகுதான் எங்களுக்கே தெரியவந்தது. கர்ப்பப்பையில் கட்டி, பரவிவிட்டது. ஏன் முன்னாலேயே காட்டவில்லை என்று கேட்டேன். காட்டினால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார்கள், அட்மிட் ஆகச் சொல்வார்கள், அந்த நாட்களில் அம்மாவுக்கு யார் இருப்பார்கள் என்று கேட்டார். எனக்கு ஒரு போன் செய்திருக்கலாமே என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான்கு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாகப் போயிற்று. எஸ்தர் அக்காவும் என் மனைவியும் மாறி மாறி அம்மாவைப் பார்த்துக்கொண்டார்கள். ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில்தான் அக்கா நன்றாகத் தூங்கினார். ஒருநாள் காலையில் கண் விழித்து, "இங்க யாரும் டம்ளர் தட்றதில்ல. ஆனா காதுல கேட்டுக்கினே கீது தம்பி" என்றார். கடைசி வாரத்தில் எனக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிக்கொடுத்தார். அம்மாவைப் புரட்டும்போது முதலில் இடுப்புக்குக் கீழே கை கொடுக்க வேண்டும், தோளைப் பிடித்து இழுக்கக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கொருமுறை புரட்ட மறக்கக் கூடாது என்றார். ஜீப்பை வாரத்துக்கொருமுறை அரைச் சுற்றாவது தள்ளி நிறுத்த வேண்டும், ஒரே இடத்தில் நின்றால் டயர் சப்பையாகிவிடும் என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். சரி என்றேன். ஒரு வியாழக்கிழமை மதியம், நான் மருந்து வாங்கக் கீழே போயிருந்தபோது, அவர் மூச்சு நின்றது. அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஸ்டீபன் வந்தார். சாவியை அவரிடம் கொடுத்து, இரண்டு வருடமாக ஓடாமல் நிற்கிறது, பேட்டரி போயிருக்கும், இன்ஜினைப் பாருங்கள் என்றேன். அவர் சாவியை வாங்கவில்லை.

"இதுக்கு சாவியே வேணாம் சார். ரெண்டு ஒயர சேத்தா ஸ்டார்ட் ஆய்டும். அவங்களுக்கு தெரியாதா? வாரா வாரம் ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிஷம் ஓட வுடுவாங்க. இன்ஜின் கெடக் கூடாதுன்னு. கியர் மட்டும் போட மாட்டாங்க."

ஏன் என்று கேட்டேன்.

"நானும் கேட்டேன் சார். எதுத்துக்கினு போனா தம்பி கோவிச்சிக்குவான், மாசத்துக்கு ஒருக்கா வர்றதும் நின்னுடும், அம்மா ஏங்கிப் போய்டும்னாங்க."

அன்று அந்தச் சந்தில் தனியாக நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அம்மா ஜன்னலுக்கு உள்ளே இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

அம்மாவை முதலில் செய்யாற்றுக்கு அழைத்துப் போனோம். இரண்டாவது மாடி வீடு. தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தபின் மூன்று மாதம் அவர் கீழே இறங்கவில்லை. அங்கே ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுச் சுவர். அம்மா சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். பிறகு நானும் மனைவியும் பேசி, வடக்குப்பட்டு வீட்டுக்கே வந்துவிட்டோம். இப்போது நான் தினமும் இங்கிருந்து பள்ளிக்குப் போய் வருகிறேன். ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும். மனைவி பகலெல்லாம் அம்மாவோடு. ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எங்களுக்கு இல்லை. பள்ளியில் உடன் வேலை செய்பவர் மகள் கல்யாணத்துக்குப் போகவில்லை, சுற்றுலாவுக்குப் போகவில்லை. ஒருநாள் மாலை அம்மாவைப் புரட்டிவிட்டு வாசலில் வந்து நின்றேன். ஷிப்ட் முடிந்த பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. ஏதாவது ஒன்றில் ஏறிவிடலாம் என்று தோன்றியது. எங்கே போகிறது என்று தெரியாமலே. நான் இப்படி எட்டு மாதமாக இருக்கிறேன். அக்கா பதின்மூன்று வருடம் இருந்தார்.

சென்ற மாதம் அம்மாவுக்குச் சோறு ஊட்டும்போது, என்னவோ தோன்றி, அன்றைக்கு ஏரியில் மாட்டிக்கொண்டபோது பயந்துவிட்டாயா என்று கேட்டேன். அம்மா தலையை ஆட்டினார், இல்லை என்று. பிறகு இடக் கையைத் தூக்கி முன்னால் நீட்டினார். "தண்ணி" என்றார். குடிக்கக் கேட்கிறார் என்று எடுத்துக் கொடுத்தேன். தள்ளிவிட்டார். "தண்ணி... கிட்ட" என்றார். எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விளங்கியது.

"தண்ணி கிட்ட போவச் சொன்னியா? யாரு சொன்னது, நீயா?"

அம்மா அந்தக் கையைக் கொண்டுவந்து தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். "நானு" என்றார். அவருக்கு வாயில் வராத சொல் அது. பக்கவாதத்துக்குப் பிறகு நான் அதை முதல்முறையாகக் கேட்டேன்.

காய்ந்த தரைக்குக் கீழே சேறு இருக்கும் என்று அக்காவுக்குத் தெரியாமல் இல்லை. வற்றிய ஏரிகளில் ஓட்டியவர். இத்தனை வருடம் தண்ணீருக்கு அருகிலேயே போகாத அம்மா கையை நீட்டிக் கேட்டபோது அவரால் வண்டியை நிறுத்த முடியவில்லை. அன்று நான் அத்தனை பேர் முன்னால் அப்படிக் கேட்டபோது, அம்மாதான் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. நான் அம்மாவின் மேல் கோபப்பட்டுவிடக் கூடாது என்று தன் மேலேயே வைத்துக்கொண்டார். அம்மா அன்றைக்குக் கம்பியைப் பிடித்துக்கொண்டது பயத்தினால் அல்ல.

இனி நன்றி சொல்ல வேண்டும். பதின்மூன்று வருடங்கள் எங்கள் அம்மாவுக்குப் பகல் நேரத்து மகளாக இருந்த எஸ்தர் அக்காவுக்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் தேவைப்பட்டபோது ஷிப்ட் உடையோடே வந்து நின்ற ரீவொர்க் பகுதித் தோழர்களுக்கும், அக்காவை ஐந்தரை மணி பஸ்ஸில் ஜன்னலோர இடம் பிடித்து உட்காரவைத்த தோழிகளுக்கும், டிராக்டர் ஓட்டி வந்தவருக்கும், மாமாவுக்கும், இந்த வீட்டுக்குத் திரும்பி வருவோம் என்று முதலில் சொன்ன என் மனைவிக்கும் நன்றி. ஸ்டீபன் இரண்டு வாரத்துக்கொருமுறை வந்து எண்ணெய் பார்த்து, கிரீஸ் அடித்து, ஜீப்பை ஓடும் நிலையில் வைத்திருக்கிறார். நான் அதை ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். கிளட்ச் இன்னும் பிடிபடவில்லை.

உறவினர்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவைப் பார்க்க வருகிறவர்கள் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கி வர வேண்டாம். கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டுப் போகவும் வேண்டாம். உங்களில் வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள் ஏதாவது ஒரு ஞாயிறு மாலை வந்து, ஒரு மணி நேரம் அம்மாவை வெளியே அழைத்துச் செல்லுங்கள். அந்த ஒரு மணி நேரம் எனக்கும் என் மனைவிக்கும் வேண்டியிருக்கிறது. அக்கா இதை நம்மில் ஒருவரிடமும் கேட்டதில்லை. நான் கேட்கிறேன்.